முதல் பறவையாக நீலத் தாழைக்கோழி: கடலூர், புதுச்சேரி ஏரிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களில் பலர் வெளிநாட்டுப் பறவையைத் தேடிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஊசுடு ஏரிக்கரையில் நின்று, நடு ஏரியில் தெரியும் புள்ளிகளைக் கைப்பேசியில் படம் பிடித்துவிட்டு, எதுவும் சரியாகத் தெரியவில்லை என்ற குறையோடு வீடு திரும்புகிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் பருவத்துக்கு ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீலத் தாழைக்கோழியாக இருக்கட்டும்.

இது வலசை போகிற பறவை அல்ல. ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கிறது. உருவம் பெரிது, நிறம் பளிச்சென்றிருக்கும். பறப்பதைவிட நடப்பதையே விரும்பும் என்பதால் பார்ப்பதற்கு அவகாசம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, இதன் பிழைப்பு முழுவதும் கோரையும் தண்ணீரும் சேருகிற விளிம்பில்தான் நடக்கிறது. அந்த விளிம்பைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் இலைக்கோழி, குருகு, செந்நாரை எல்லாம் தாமாகவே தென்படத் தொடங்கும். நடு ஏரியை வெறித்துக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் சிக்காது.

ஆளைத் தெரிந்துகொள்வது

நீலத் தாழைக்கோழி கிட்டத்தட்ட நாட்டுக்கோழி அளவு இருக்கும். அலகிலிருந்து வால் வரை 45 முதல் 50 செ.மீ. நீளம். உடல் முழுக்க நீலமும் ஊதாவும். இறக்கையிலும் மார்பிலும் பச்சை கலந்த நீலம் ஓடும். தலை மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிறியிருக்கும். நெற்றியில் சதைப்பற்றான ஒரு சிவப்புத் தகடு. அதன் கீழே அதே சிவப்பில் தடித்த அலகு. கால்களும் சிவப்பு. விரல்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமானவை. குட்டை வாலின் அடிப்பக்கம் தூய வெள்ளை. நடக்கும்போது வாலை மேலே சொடுக்கிக்கொண்டே போகும்; அந்த வெள்ளை விட்டுவிட்டு மின்னும். தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது நீலமல்ல, இந்த வெள்ளைதான்.

இளம் பறவையைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். நீலம் மங்கி, சாம்பல் தூக்கலாக இருக்கும்; அலகின் சிவப்பும் தெளியாமல் அழுக்காகத் தெரியும். பக்கத்தில் பெரியவை இரண்டு மேய்ந்துகொண்டிருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பறவை நூல்களில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என எங்கெங்கோ இருக்கும் நீலக் கோழிகளையெல்லாம் ஒரே இனமாகச் சேர்த்திருப்பார்கள். இப்போது அவற்றைப் பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். துருக்கி தொடங்கி இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் நம் பறவை, சாம்பல் தலை கொண்ட இனம் என்று தனியாக நிற்கிறது. கைப்பேசிச் செயலியில் பழைய ஆங்கிலப் பெயரைத் தட்டித் தேடினால் நம்மூர்ப் பறவை வராமல் போவதற்கு இதுதான் காரணம். பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இபேர்ட் (eBird) போன்ற செயலிகளில் 'சாம்பல் தலை' என்ற பொருள் தரும் புதிய ஆங்கிலப் பெயரில் (Grey-headed Swamphen) தேடுங்கள்.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடியவை மூன்று. வெறும் தாழைக்கோழி இதைவிடச் சிறியது. கறுஞ்சாம்பல் உடல், பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, சிவப்பு அலகின் நுனியில் மஞ்சள், கால் மஞ்சள் கலந்த பச்சை. அந்த மஞ்சள் நுனியைப் பார்த்துவிட்டால் போதும், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. நாமக்கோழி முழுக்கக் கறுப்பு. அலகும் நெற்றியும் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. இது கோரை ஓரத்தைவிடத் திறந்த நீரில்தான் கூட்டமாக மிதக்கும், முங்கியும் எழும். பனிக்காலத்தில் ஏரி நடுவே கறுப்பாகப் பரவிக் கிடப்பவற்றில் பெரும்பங்கு நாமக்கோழிகளே. மூன்றாவது கானாங்கோழி: முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கருஞ்சாம்பல், வாலடி செம்பழுப்பு. இதற்கு ஏரிகூடத் தேவையில்லை. வீட்டுக் கொல்லைச் சாக்கடையோரமும் வாழைத் தோப்பும் போதும். மழைக்காலத்தில் இரவெல்லாம் கத்தித் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

எங்கே போவது

புதுச்சேரியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு ஊசுடு ஏரி வசதி. நகரிலிருந்து சுமார் 10 கி.மீ., வில்லியனூருக்கு வடக்கே. ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியிலும் மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டுப் பகுதியும் சரணாலயமானது. படகுத்துறைப் பக்கம் கூட்டம் இருக்கும்; அங்கே நின்று பயனில்லை. கரையோரமாக நடந்து, சம்பும் கோரையும் அடர்ந்த மூலைகளுக்குப் போங்கள். வனத்துறைக் காவலர் இருந்தால் முதலில் அவரிடம் பேசிவிடுவது நல்லது. எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்பது தெரிவதோடு, பறவை இன்று எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பாகூர் ஏரி பிடிக்கும். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூருக்குப் பக்கத்தில். ஏரிக்கரை, மதகு, வாய்க்கால், அதற்கப்பால் நெல்வயல் என்று எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். பறவை ஏரியை விட்டு வயலுக்கு இறங்குவதையும் திரும்புவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். காலை வேலை முடிந்ததும் மூலநாதர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்பது கூடுதல் லாபம்.

கடலூர்க்காரர்களுக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி இருக்கிறது. தெற்கே காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் சோழர் வெட்டிய வீராணம். லால்பேட்டைப் பக்கம் சாலையே ஏரிக்கரையோரமாகப் போகிறது. ஆனால் லாரியும் பஸ்ஸும் விரைகிற சாலை அது. வண்டியை நிறுத்தாமல் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டும் வேலை வேண்டாம்.

எந்த ஏரிக்குப் போனாலும் தேட வேண்டிய செடிகள் சில. ஆளுயரம் வளர்ந்து பழுப்பு நிறக் கதிர் நீட்டி நிற்கும் சம்பு முதலாவது. பிறகு கோரை, நாணல். கரையோரம் வெளிர் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரிலும் இந்தக் கோழி ஏறி ஒளிந்துகொள்ளும். வெங்காயத்தாமரை கொஞ்சம் இருந்தால் இதற்குச் சந்தோஷம், நீண்ட விரல்களைப் பரப்பி அதன்மேல் நடந்து போகும். அதுவே ஏரி முழுக்க மூடிவிட்டால் திறந்த நீரை நம்பியிருக்கும் நாமக்கோழியும் வாத்தும் இடத்தைக் காலி செய்துவிடும்.

எப்போது, எந்தப் பக்கம் நின்று

விடிந்து முதல் இரண்டு மணி நேரமும், மாலை வெயில் சாய்ந்த பிறகும்தான் இது வெளியே வரும். உச்சிவேளையில் கோரைக்குள் புகுந்துவிடும். பத்து மணிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கி "ஒன்றையும் காணோமே" என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை புதியவர்களுக்குத் தோதானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும். பிறகு நீர் மெல்ல இறங்க இறங்கச் சேற்று விளிம்பு வெளிப்பட்டுப் பறவைகளும் வெளியே வரும். நவம்பரில் கரை வழுக்கும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் ஏரிக்கரையில் யாருக்கும் வேலை இல்லை.

இனி, புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று: வெயில் உங்கள் முதுகில் பட வேண்டும். நீலத் தாழைக்கோழியின் நிறம் ஒளி நேராக விழுந்தால்தான் நீலம். வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தால் அது வெறும் கறுப்புக் கோழி. நாமக்கோழி என்று எழுதிவைத்துவிடுவீர்கள். ஆகவே காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். மாலையில் மேற்குக் கரைக்குப் போங்கள். இந்த ஒரு விஷயத்துக்காக ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தாலும் போகலாம்.

கையில் என்ன

பைனாகுலர் ஒன்று வேண்டும். வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் விடிகாலை மங்கலிலும் வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவில் பெரிதாகத் தெரியும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

கேமரா இரண்டாம் பட்சம். முதல் சில வாரங்களுக்கு அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். படம் எடுக்கிறவர் பறவை அசையாமல் நிற்கும் ஒரு நொடியைத் தேடுகிறார். தொடங்குகிறவருக்கு வேண்டியது அது அசைகிற நேரம்.

மங்கிய நிற உடுப்பு, தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு அல்லது ஷூ. கரைப் புல்லில் பாம்பு இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். ஏரிக்குள் இறங்க வேண்டாம். மேலே உலர்ந்து தெரிகிற சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கும்.

தேடும் முறை

வந்தவுடன் நடக்காதீர்கள். கரையில் ஒரு மரத்தடியிலோ மதகுச் சுவர் ஓரத்திலோ கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். நீங்கள் வந்த சத்தத்தில் உள்ளே போனவை திரும்ப வெளியே வர அவ்வளவு நேரமாவது பிடிக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன் வெறுங்கண்ணால் கோரை விளிம்பை இடமிருந்து வலமாக ஒருமுறை பாருங்கள். காற்று அடித்தால் சம்புத் திட்டு மொத்தமாகச் சாய்ந்து எழும். சுற்றிலும் எல்லாம் நிற்க ஒரே ஒரு தண்டு மட்டும் ஆடினால், அல்லது ஒரு தண்டு மெல்லக் கீழே இறங்கி மறைந்தால், அங்கே ஒரு கோழி வேலையாக இருக்கிறது. பைனாகுலரை அங்கே திருப்புங்கள்.

ஏரியில் மீன் பிடிப்பவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். "ஐயா, நீலக் கோழி இன்று எந்தப் பக்கம் நிற்கிறது?" என்று மரியாதையோடு கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் நாள் முழுக்க அங்கே இருப்பவர்கள். நம்மைப் பார்த்து ஓடும் பறவை அவர்களுடைய மாட்டின் பக்கத்தில் சாவகாசமாக மேயும்.

தின்பதைப் பார்த்தே ஆக வேண்டும்

இந்தப் பறவையின் மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். ஒன்று வெளியே வந்து மேயத் தொடங்கியதும் அதையே பின்தொடருங்கள், இன்னொன்றுக்குத் தாவாதீர்கள்.

முதலில் ஒரு சம்புத் தண்டின் அடியை அலகால் கவ்வும். தலையைப் பின்னுக்கு இழுத்து, தேவைப்பட்டால் கழுத்தைத் திருப்பித் திருப்பி, தண்டை வேரோடு ஒட்டிய இடத்தில் பிடுங்கும். பிடுங்கியதைக் கீழே போடாது. ஒரு காலைத் தூக்கி, நீண்ட விரல்களால் தண்டைப் பற்றி, ஒற்றைக் காலில் நின்றபடி அதை அலகுக்கு உயர்த்தும். பொங்கலுக்குக் கரும்பு தின்கிறவர் தோலை உரித்துத் துப்புவதுபோல வெளிப்பட்டையை உரித்து எறியும். உள்ளே வெண்மையாக, ஈரமாக இருக்கும் குருத்தை மட்டும் துண்டு துண்டாகக் கடித்துத் தின்னும். கால் சோர்ந்தால் இறக்கும், மறுபடி தூக்கும். முடிந்ததும் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தண்டுக்குப் போகும்.

இப்படித் தின்றுபோட்ட இடம் பறவை இல்லாதபோதும் காட்டிக் கொடுக்கும். விளிம்பில் பிய்ந்த சம்புத் தண்டுகள் குவியலாகக் கிடந்து, அவற்றின் அடிப்பாகம் மட்டும் உரிக்கப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தால், மாலையில் அதே இடத்துக்கு வந்து நில்லுங்கள்.

சைவம் என்று நினைத்துவிட வேண்டாம். நத்தை, பூச்சி, தவளை என்று அகப்பட்டதையும் விழுங்கும். வேறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும்கூட விட்டுவைக்காது. நெல் விவசாயிக்கு இது ஆகாத பறவை. இளம் பயிரின் குருத்தைத் தின்பதோடு தின்னாததையும் மிதித்துச் சாய்த்துவிடும். வயலோரம் நின்று நாம் ரசித்துக்கொண்டிருக்கையில் வயல்காரர் முறைத்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வரப்பில் ஏறுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எதையும் தின்று எங்கும் பிழைக்கும் இந்தச் சாமர்த்தியம் இதைத் தூர தேசத்திலும் வாழவைத்திருக்கிறது. 1990-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்ப்பிலிருந்து தப்பிய சில, அங்கே சதுப்பு நிலங்களில் பெருகிவிட்டன. 2006 முதல் 2008 வரை அரசு ஆள் வைத்துச் சுட்டுப் பார்த்தது. ஆயிரக்கணக்கில் கொன்றும் ஒழிக்க முடியாமல் கைவிட்டது. இன்று அந்த நாட்டுப் பறவைப் பட்டியலில் நம் ஊசுடு ஏரிக் கோழிக்கும் ஓர் இடம் உண்டு.

பயந்தால் என்ன செய்யும்

இதையும் படித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பறவை நமக்குச் சொல்வது இப்படித்தான். நிம்மதியாக இருக்கும்போது வால் சொடுக்குவது நிதானமாக இருக்கும். உங்களைக் கவனித்துவிட்டால் கழுத்து நீளும், சொடுக்கு வேகமாகும், வெள்ளை படபடவென்று மின்னும். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். இன்னும் இரண்டு அடி வைத்தால் கோரையை நோக்கி ஓடும். அதற்கும் வழியில்லாமல் போனால்தான் பறக்கும்: தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு கனமாக எழுந்து, நீண்ட சிவப்புக் கால்களைப் பின்னால் தொங்கவிட்டபடி கொஞ்ச தூரம் போய்ச் சம்புக்குள் தொப்பென்று இறங்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதைப் பறக்கவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கமல்ல.

பனிக்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழப் பறந்து வரும். அப்போது பைனாகுலரை இறக்கிவிட்டு ஏரியை முழுதாகப் பாருங்கள். நாமக்கோழிகள் நடுநீரில் நெருங்கி ஒரே கூட்டமாகும். நீலக் கோழிகள் நேர் எதிராகக் கரைப் பக்கம் ஓடி மறையும்.

குரலும் கூடும்

கோரைக்குள்ளிருந்து கொக்கரிப்பும் உறுமலும் ஊதுகுழல் ஓசையும் கலந்து வந்தால் பெரும்பாலும் இதுதான். கேட்பதற்கு இனிமை எதுவும் கிடையாது. கூட்டத்தில் ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். இனப்பெருக்கக் காலத்தில் இந்த ஆரவாரம் கூடும். அப்போது ஆண் ஒரு நீர்ச்செடியை அலகில் ஏந்திக்கொண்டு பெட்டைக்கு முன்னால் தலை தாழ்த்தித் தாழ்த்தி எழும். கூடவே ஒரு கொக்கரிப்பு. கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

மழை பெய்து நீர் ஏறும் காலத்தில் கூடு கட்டும். சம்பு இலையையும் கோரையையும் மடித்துப் பின்னி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு மேடை. வெளியிலிருந்து தெரியாது. முட்டை 3 முதல் 7 வரை; மங்கிய மஞ்சளில் செம்பழுப்புப் புள்ளிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மூன்றரை வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சு கறுப்புத் தூவியோடு இருக்கும். பெரியவற்றின் பின்னால் ஓடிக்கொண்டே வாயில் ஊட்டு வாங்கும்.

இந்தச் சமயத்தில் இரண்டு விஷயங்களைச் செய்யாதீர்கள். செயலியில் பதிந்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று கூட்டை விட்டு வரும், காகம் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். கூட்டின் இடத்தைப் படத்தோடு யாருக்கும் அனுப்பாதீர்கள். நீர்ப்பறவைகளைக் கறிக்காகக் கண்ணி வைத்துப் பிடிப்பது இன்னும் நின்றபாடில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வலையோ கண்ணியோ கண்டால் நீங்களே அறுக்கப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எழுதிவைப்பது

சிறு நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், ஏரி, நின்ற பக்கம், எத்தனை பறவை. அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி: அது என்ன செய்துகொண்டிருந்தது. "3 பறவை" என்பதைவிட "மூன்றில் ஒன்று மட்டும் தின்றது, இரண்டு இறகு கோதின" என்று எழுதியவர் கூடுதலாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் இபேர்டில் ஏற்றிவிடலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். அனுபவசாலிகளோடு ஒரே கரையில் நின்று பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

ஏரி வற்றினால்

மே மாதத்தில் பாகூரும் ஊசுடும் சுருங்கிவிடும். மழை பொய்த்த ஆண்டில் தரை வெடித்துக் கிடக்கும். அப்போது பறவை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மதகடியில் தேங்கிய குட்டை, வாய்க்காலின் ஆழமான திருப்பம், கரையோரத்தில் பச்சை மாறாத ஒரு சம்புத் திட்டு என ஈரம் மிச்சமிருக்கும் இடங்களில் ஒதுங்கியிருக்கும். பெருமாள் ஏரிக்கு நெய்வேலிச் சுரங்க நீரும் பரவனாறு வழியாக வந்து சேர்வதால், கோடையில் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். சின்ன இடத்தில் நிறையப் பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். கரையிலிருந்தே எல்லாம் தெளிவாகத் தெரியும். கீழே இறங்காதீர்கள். கலைந்து எழுந்தால் அவை போய் இறங்க அக்கம்பக்கத்தில் வேறு நீர் இருக்காது.